பெட்டிக்குள் படிந்த பிசுக்கு

அன்புள்ள சேகர்,

போன வாரம் தொலைபேசியில் நீ பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதி உன் கணினி பேசியது. அந்த இரைச்சல் எனக்கு நன்றாகப் பழக்கம்; மூன்று வாரத்துக்கு முன்புவரை என் வீட்டிலும் அதே சத்தம்தான். "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்று நீ சொன்னபோதே தடுத்திருப்பேன். பேச்சு உன் முழங்கால் வலிக்குப் போய், அங்கிருந்து திரும்பவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வாங்காதே. முதலில் திறந்து பார்.

என் கதையைக் கேள். பேத்தி பிறந்ததும் என் அறை அவளுடையதாகிவிட்டது, நானும் கணினியும் சமையலறை வாசல் ஓரமாகக் குடிபோனோம் என்று எழுதியிருந்தேனே, ஐந்து வருடமாயிற்று. தூசி விஷயத்தில் நான் அசட்டையாக இருந்தவன் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பக்கத்துத் தகட்டைக் கழற்றி, புளோயரால் ஊதி, நாலு தும்மல் தும்மி, சுத்தமாகிவிட்டது என்று நம்பி மூடிவிடுவேன். சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. மொழிபெயர்ப்புக்கு நாலு கோப்பைச் சேர்த்துத் திறந்தால் எருமை மாதிரி அசைய மறுக்கும். வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே கணினியின் மூளையான ப்ராசஸர் 68 டிகிரி செல்சியஸ். வேலை கொடுத்தால் 97. அந்தச் சூட்டில் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதைத்தான் நாம் 'பழசாகிவிட்டது' என்கிறோம். அப்படியும் சூடு அடங்காவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். உன்னுடையது அணைகிறதே, அதுவும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தடவை ஊதுவதோடு நிற்காமல் ப்ராசஸர் ஃபேனையே கழற்றினேன். அடியில், ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகள் கண்ணிலேயே படவில்லை. கம்பளித் துண்டு போர்த்தியதுபோல ஒரு படலம். நகத்தால் நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. வெறும் தூசியாக இருந்தால் ஊதினாலே போயிருக்கும், இது பிசுக்கு. பொரிக்கும்போது கிளம்பும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத திவலைகளாகக் காற்றில் மிதக்கும். ஃபேன் அதை இழுத்துத் தகடுகளில் பூசிவிடுகிறது. அதன்மேல் தூசி ஒட்டுகிறது, அந்தத் தூசி இன்னும் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்துவைக்கிறது. நாள்பட நாள்பட, சூட்டில் எல்லாம் இறுகி வார்னிஷ் மாதிரி ஆகிவிடும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையைச் சுரண்டியிருக்கிறாயா? அதேதான். ஐந்து வருடமாக நான் மேல்தூசியை மட்டும் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அதிலும் கொஞ்சத்தை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன்.

என் மேஜை சமையலறைப் பக்கம் இல்லையே என்பாய். சிகரெட்டுப் புகையின் தாரும் இதே வேலையைத்தான் செய்யும். நீ விட்டு இரண்டு வருடமாகிறது, சந்தோஷம். உன் கணினி இன்னும் விடவில்லை.

சரி, எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். முதலில் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வை. பிறகு கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடி. மிச்சமிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொள். நம் விரலில் சுரீர் என்று உறைக்க நிலைமின்சாரம் ஏறக்குறைய 3000 வோல்ட் ஆக வேண்டும்; அதில் சிறு பங்கே போதும், சிப் செத்துவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது. வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விடாதே என்று சொல்வதும் இதற்காகத்தான். அதன் பிளாஸ்டிக் முனையில் காற்றும் தூசியும் உரசி நிலைமின்சாரம் சேரும்.

ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள். நான் பல வருடம் அதைச் சுழலவிட்டு, விசில் மாதிரி வரும் சத்தத்தை ரசித்திருக்கிறேன். வேண்டாத விளையாட்டு, பேரிங் கெட்டுப்போகும். அழுத்தக் காற்று டப்பா வாங்கினால் நிமிர்த்தியே பிடி. கவிழ்த்தால் உள்ளே இருப்பது திரவமாகவே வந்து, பட்ட இடத்தை உறையவைத்துவிடும்.

பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான். 99 சதவீதம் கிடைத்தால் நல்லது, 90க்குக் குறையவேண்டாம். 70 சதவீத பாட்டிலில் மீதியெல்லாம் தண்ணீர். மென்மையான பல் தேய்க்கும் பிரஷை அதில் நனைத்து, பாகங்களெல்லாம் பொருந்தியிருக்கும் மதர்போர்டுப் பலகையில் அழுத்தாமல் தேய். ஃபேன் இறக்கைகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடை. கண்ணாடி துடைக்கும் திரவம், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கிட்டே வரக்கூடாது. ஜன்னலைத் திறந்துவை, அடுப்பு எரியக்கூடாது. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். என் ஹீட் சிங்க் ஆல்கஹாலுக்கும் மசியவில்லை. ஃபேனைப் பிரித்தபிறகு அது வெறும் உலோகம்தானே? வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊறவைத்து, தேய்த்து அலசி, ஒரு முழு நாள் காயவிட்டேன். வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. முன்பக்கத் தூசி வடிகட்டியும் அதே வாளியில்தான்.

ஹீட் சிங்க்கைக் கழற்றியதை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் என் உயிர் போய் வந்தது. கொக்கியை எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். டக்கென்று வந்தது, ப்ராசஸரும் சேர்ந்தே! சூட்டை ப்ராசஸரிலிருந்து ஹீட் சிங்க்குக்குக் கடத்த இடையில் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து கோந்தாகியிருந்தது. என் ப்ராசஸர் அடியில் ஊசிகள் உள்ள ரகம். இரண்டு ஊசி சாய்ந்துவிட்டன. கண்ணாடிமேல் கண்ணாடி போட்டுக்கொண்டு, மெல்லிய அட்டையை வரிசைக்கு நடுவே நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். அரைமணி நேரம் வீட்டில் யாரையும் பேசவிடவில்லை. நீ அப்படிச் செய்யாதே. பிரிப்பதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணை. அந்த இளஞ்சூட்டில் பேஸ்ட் இளகியிருக்கும். இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடு. பழைய பேஸ்டை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புதியதைப் பட்டாணி அளவு நடுவில் வை. பரப்புகிற வேலையை அழுத்தம் பார்த்துக்கொள்ளும். ஒருமுறை பிரித்துவிட்டால் பழைய பேஸ்டோடு திரும்பப் பொருத்தக்கூடாது.

கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே திறக்காதே. அதற்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்திருக்கும். கம்பியைப் பிடுங்கியபிறகும் அது உடனே போய்விடாது. வெளியிலிருந்து ஊது, போதும்.

எல்லாம் மாட்டி முடித்து பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. பேத்தி பக்கத்தில் நின்று, "தாத்தா, செத்துப்போச்சா?" என்றாள். கடைசியில் பார்த்தால் ரேம் என்கிற நினைவகப் பட்டை ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. கிளிக் என்று இரண்டு தரம் கேட்கும்வரை அழுத்தியதும் வந்துவிட்டது. உனக்கும் இப்படி ஆனால் பதறாமல் முதலில் ரேமைப் பார், அடுத்து ப்ராசஸர் ஃபேனின் கம்பி மாட்டியிருக்கிறதா என்று பார்.

இப்போது சும்மா இருக்கையில் 39, வேலையில் 71. மேஜையைச் சமையலறையிலிருந்து தள்ளி ஜன்னலோரம் போட்டுக்கொண்டேன். அங்கே பிசுக்கு இல்லை, தூசிதான் அதிகம். அது பரவாயில்லை, ஊதினால் போய்விடும்.

ஸ்க்ரூவில் கை வைக்குமுன் உள்ளே நாலைந்து படம் எடுத்து அனுப்பு. எந்தக் கம்பி எங்கே என்று பிறகு தேடும்போது உனக்கே உதவும். வேலை முடிந்ததும் சொல், ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். கணினியை ஓடவிட்டுக்கொண்டே பேசு.

அன்புடன்,
ராமு