அரையாண்டுச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்துவிட்டது. மதிப்பெண்கள் பரவாயில்லை, பத்தாம் வகுப்புக் கணக்கில் மட்டும் இன்னும் உழைக்க வேண்டியிருக்கிறது, மாலைச் சிறப்பு வகுப்பு தொடரும். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். கோ-கோ அணி நன்றாக ஆடியது. கழிவறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. உறைபனி கொட்டுகிற மாதம் இது. ஸ்வெட்டர் எந்த நிறத்தில் இருந்தாலும் போட்டு அனுப்புங்கள், யாரும் கேட்க மாட்டோம்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள். ஐ.நா. பொதுச்சபை 1948இல் ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்திலிருந்து ஆளுக்கொரு பிரிவை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதாக ஏற்பாடு. 26ஆவது பிரிவு கல்வி உரிமை. அதை வாசிக்க வேண்டிய மாணவி அன்று வரவில்லை. அம்மா கேரட் அறுவடைக்குப் போய்விட்டார், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளை தாளை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

இது ஒரு வீட்டுக் கதை என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். கேரட்டுக்கு நல்ல விலை வரும் வாரத்தில், வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே எனக்கு மேட்டுப்பாளையம் மண்டி நிலவரம் தெரிந்துவிடுகிறது. பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறார்கள். பையன்களில் சிலர் கேரட் கழுவுகிற இடத்துக்கும் மூட்டை பிடிக்கவும் போகிறார்கள். சென்ற மாதம் ஒரு மாணவன் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். ஏன் எழுதவில்லை என்று ஆசிரியை கேட்டதற்குக் கையை நீட்டினான். கோணி ஊசி ஏறிய கட்டைவிரல், வீங்கிப் போய், மேலே அழுக்குத் துணி சுற்றியிருந்தது. (படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எடுத்த விடுப்பைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கு நீலகிரி மாவட்டமே விடுமுறை விடுகிறது.)

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் லோடு மண்டியில் நிற்க வேண்டும் என்றால், பனியில் நடுராத்திரியே தோட்டத்தில் இறங்கியாக வேண்டும். கூலியை விட்டால் அந்த வாரம் அடுப்பு எரியாது. ஆனாலும் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாடு முன்னேறிவிட்டதா என்பதை வருமானத்தை வைத்து மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. 1990இல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, நம் அமர்த்தியா சென்னின் துணையோடு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கையைக் கொண்டுவந்தார். வருமானத்தோடு ஆயுளும் படிப்பும் அன்று முதல் கணக்கில் சேர்ந்தன. அதற்கு முன்பே, 1986இல், வளர்ச்சி என்பதே ஒரு மனித உரிமை, அதன் நடுவில் இருக்க வேண்டியவர் மனிதர் என்று ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்திருந்தது. கேரட் என்ன விலைக்குப் போனாலும், அதை விளைவித்த வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டால் இந்தக் கணக்குப்படி அது வளர்ச்சி ஆகாது.

அப்புறம், ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வரவும் இடையில் நிற்காமலிருக்கவும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 28ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது. 32ஆவது பிரிவு, படிப்பைக் கெடுக்கும் வேலையிலிருந்து குழந்தைகளைக் காக்கச் சொல்கிறது. 1992இல் இதில் சேர்ந்த இந்தியா, எல்லா வேலைகளுக்கும் குறைந்தபட்ச வயதை உடனே விதிப்பது நடைமுறையில் முடியாது என்று ஒரு குறிப்பையும் சேர்த்துத்தான் சேர்ந்தது. குறைந்தபட்ச வயது பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138ஆவது உடன்படிக்கையை ஏற்க 2017 வரை ஆயிற்று. அரசே இவ்வளவு தயங்கிய விஷயம் என்பதால், தயங்குகிற பெற்றோர் மீது எனக்குக் கோபம் வருவதில்லை.

ஆனால் இப்போது சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி 14 வயது நிறையாத பிள்ளையை யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ கூடமாட உதவலாம், அதற்குத் தடையில்லை. மேஸ்திரி வேனில் ஏற்றிக்கொண்டு போவது அந்தக் கணக்கில் வராது. வேலைக்கு வைப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. இரண்டாம் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வருகை தினமும் எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவில்) ஏறுகிறது, அதை என்னால் மாற்ற முடியாது, மாற்றவும் மாட்டேன். பள்ளி நேரத்தில் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் வண்டியைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசிவிட்டுத்தான் மறுவேலை.

சென்ற கூட்டத்தில் ஒருவர், "என் பிள்ளை, நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்றார். மனித உரிமைப் பிரகடனத்தின் அதே 26ஆவது பிரிவு அவருக்கும் ஓர் உரிமையைத் தருகிறது: பிள்ளைக்கு எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே. கல்வியே வேண்டாம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தொடக்கக் கல்வி கட்டாயம் என்று அதே பிரிவு சொல்கிறது. நம் நாட்டுச் சட்டம் 14 வயது வரை என்கிறது.

உங்களுக்குச் சேர வேண்டியதையும் சொல்கிறேன். வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்குப் பராமரிப்பு வசதி கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது குழந்தைகள் உடன்படிக்கையின் 18ஆவது பிரிவு. தேயிலை எஸ்டேட்டுகளில் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் காலத்திலிருந்தே குழந்தைகள் காப்பகம் உண்டு. நம் காய்கறித் தோட்டங்களில் அந்த ஏற்பாடு கிடையாது. அறுவடை மாதங்களில் அங்கன்வாடியைச் சீக்கிரம் திறக்கக் கேட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அது நடக்கும். அதுவரை, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஆளில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சேர்ந்து வழி பார்க்கலாம், திட்ட மாட்டோம்.

எட்டாம் வகுப்புப் பெற்றோர் கவனிக்கவும்: என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கு வரும். இந்த மாதம் முழுக்க அதற்கான பயிற்சி நடக்கிறது.

பனியிலும் காட்டெருமை நிற்கிற பாதையிலும் பிள்ளைகளைக் கூட்டி வந்து விட்டுப்போகும் தாத்தா பாட்டிகளுக்கும், சத்துணவுக்கு அவ்வப்போது காய் கொடுத்து உதவும் விவசாயிகளுக்கும் மனமார்ந்த நன்றி. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டம். வேலை முடிந்து அப்படியே வரலாம், தேநீர் உண்டு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்