கார் டிக்கியில் ஒரு ஃபைல்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப வன்முறை பற்றிச் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, ‘வாய்மூடி இருக்காமல் போலீசின் அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள்’ என்று முடிந்திருந்தது. விசா உள்ளவருக்குச் சரி. இல்லாதவருக்கு?

லண்டனில் பன்னிரண்டு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் டாக்டரின் அறையில், மணிக்கட்டு வீங்கிய ஒரு பெண். (அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) கணவனின் அகதி வழக்கில் மனைவியாகப் பெயர் கொடுத்தவர். வழக்குத் தோற்றதும் இவருடைய விசாக் கதையும் முடிந்துவிட்டது. விசாவை முடிவு செய்யும் உள்துறையின் (ஹோம் ஆபீஸ்) கடிதங்கள், திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு நீல ஃபைலில் கணவனின் கார் டிக்கியில் பூட்டிக் கிடக்கின்றன. ‘எப்படி நடந்தது?’ என்றார் டாக்டர். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, ‘அக்கா, சொன்னால் ஹோம் ஆபீசுக்குப் போகுமா?’ என்று கேட்டார். சொந்தமாகப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டருக்கும் தெரியவில்லை. கதவில் இடித்துக்கொண்டதாகப் பதிவானது.

அது வீண் பயமல்ல. போலீசாரே இப்படிப்பட்ட பெண்களின் விவரங்களை உள்துறைக்குக் கொடுப்பது பற்றி 2018-இல் பெண்கள் அமைப்பான சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸும் மனித உரிமை அமைப்பான லிபர்ட்டியும் முறையிட்டன. அதை நிறுத்தும்படி காவல்துறைக் கண்காணிப்பகம் 2020-இல் சொன்னது. அரசு மறுத்துவிட்டது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதற்கான ஐரோப்பிய ஒப்பந்தமான இஸ்தான்புல் உடன்படிக்கையை 2022-இல் ஏற்றபோதும், இத்தகைய பெண்களின் வதிவிட உரிமை பற்றிய 59-ஆம் பிரிவைப் பிரிட்டன் ஒதுக்கிவைத்தது.

வீட்டை விட்டு வெளியேறலாமே என்பார்கள். பெண்கள் காப்பகங்கள் பெரும்பாலும் அரசின் வாடகை உதவியான ஹவுசிங் பெனிஃபிட்டை நம்பி நடப்பவை. விசா இல்லாதவருக்கு அது கிடையாது. ‘இடமில்லை’ என்ற பதில்தான் வரும். மூன்று மாத இடைக்கால அனுமதி ஒன்று இருக்கிறது. அது துணைவர் விசாவில் வந்தவர்களுக்கு உரியது. நீல ஃபைல்காரருக்கு இல்லை.

அடிக்கும் கணவனுக்கு இதெல்லாம் மனப்பாடம். ‘போய்ச் சொல், உன்னைத்தான் பிளேனில் ஏற்றுவார்கள்’ என்று சொல்லியே காரியத்தை முடித்துவிடுகிறான். நம் சங்கத்துப் பெரியவர்களும் ‘விசா வரும்வரை பொறுத்துக்கொள் பிள்ளை’ என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆசிரியர் ஓர் உதவி செய்ய வேண்டும். ‘லண்டன் மாப்பிள்ளைக்குப் பெண் தேவை’ விளம்பரங்கள் வரும் உங்கள் பக்கத்தில் சிறிய கட்டம் ஒன்று போடுங்கள். இங்கிலாந்தில் குடும்ப டாக்டரிடம் பதிய விசா தேவையில்லை. கணவனைத் தடுக்கும் நீதிமன்ற ஆணையை விசா இல்லாதவரும் கேட்கலாம். போலீசுக்குப் போகுமுன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமோ பெண்கள் அமைப்பிடமோ பேசுங்கள். கடிதங்களைப் படமெடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் 999. ஆங்கிலத்தில் வேண்டாம், தமிழில் போடுங்கள். விளம்பரக் கட்டணம் கேட்டால் நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்