ஆலை கேட்டுக்கு வெளியே நடக்கும் விபத்தும் இனி உங்கள் கணக்கில்தான்

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலையில் அடிபட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் இழப்பீட்டு மனு எழுதித் தரும் சங்க அலுவலகத்தில் இருக்கிறேன். விசாரணையில் எங்களுக்கு எதிரே உட்காருவது பெரும்பாலும் உங்கள் வக்கீல்தான். அந்தப் பழக்கத்தில் சில விஷயங்களை நேராகவே எழுதுகிறேன்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. இழப்பீட்டைப் பொறுத்தவரை நிறைய பிரிவுகள் பழைய கள், புது மொந்தைதான். ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும் என்று இப்போது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் தொழிலை அதிகம் மாற்றப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைக் காவலாளி வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2003 ஏப்ரலில், அதிகாலை 3 மணி ஷிஃப்டுக்கு பைக்கில் போனவர், ஆலைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையர் 3 லட்சத்துச் சொச்சம் கொடுக்கச் சொன்னார். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது, உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. 22 வருஷம்! அந்தத் தொகைக்காக அத்தனை வருஷம் வழக்காடியதில் நிறுவனத்துக்கு என்ன மிச்சமாகியிருக்கும்?

சாலை விபத்தைக் கணக்கில் வைத்து நாங்கள் பிரீமியம் வாங்கவில்லையே என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் இனி வாங்குங்கள். கூடுதல் பிரீமியம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு, 'பயண விபத்து அடங்காது' என்று பாலிசியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால், சட்டப்படி பொறுப்பு முதலாளி தலையில் விழும். பெரிய கம்பெனி சமாளித்துக்கொள்ளும். நாலு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துபவர் எங்கே போவார்? அவரிடம் பணம் இல்லையென்றால் விதவையின் கையில் இருப்பது வெறும் தீர்ப்பு நகல்.

வட்டியிலும் இதே கதைதான். இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி என்று பழைய சட்டமே சொன்னது. அந்த வட்டியை பாலிசியிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, விலக்குவது உங்களுக்கு வசதியாகிவிட்டது. தாமதத்தில் பாதி உங்கள் விசாரணையால் வருகிறது, வட்டி மட்டும் முதலாளிக்கா?

தொகையையும் பாருங்கள். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரியில் 8,000 ரூபாயிலிருந்து 15,000 ஆனது. முப்பது வயதுக்காரர் இறந்தால் அதில் பாதியை, அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் 207.98 என்ற எண்ணால் பெருக்கி 15,59,850 ரூபாய் வரும். இன்றைக்கு ஒரு கொத்தனார் மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பாதித்தாலும் கணக்கு 15,000க்குத்தான். இந்த வரம்பு என்றைக்காவது உயரும். கிளெய்ம் தொகையும் கூடவே ஏறும். அதற்கு இப்போதே தயாராக வேண்டாமா?

கட்டட சைட்டில் நாற்பது பேர் வேலை செய்ய, பத்துப் பேருக்கு மட்டும் பாலிசி எடுக்கும் காண்ட்ராக்டரை உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பாலிசி போடும்போது யாரும் தலையை எண்ணுவதில்லை. ஆள் விழுந்த பிறகுதான் உங்கள் இன்வெஸ்டிகேட்டர் மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, தேடி வருகிறார். சாரம், வலை, பெல்ட் இருக்கிறதா என்று பிரீமியம் வாங்கும்போதே ஒருவர் வந்து பார்த்து, ஒழுங்காக வைத்திருப்பவருக்குக் குறைத்தும் மற்றவருக்குக் கூட்டியும் போட்டால், சிலர் விழாமலே இருப்பார்கள்.

அப்புறம், உணவு டெலிவரி செய்பவர்கள். புதிய சட்டத்தில் செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் 'ஊழியர்' இல்லை என்பதால் இழப்பீட்டு அத்தியாயம் அவருக்குப் பொருந்தாது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் இவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கு இணையான விபத்து இழப்பீடு உண்டு, காப்பீடு எடுப்பது செயலி நிறுவனத்தின் கட்டாயக் கடமை. இங்கேயோ அவர் ஓட்டும் வண்டிக்குத்தான் கட்டாய இன்சூரன்ஸ்! இங்கும் ஒருநாள் சட்டம் மாறும் என்றே எதிர்பார்க்கிறேன். அதுவரை காத்திருக்காமல் அவர்களுக்கென ஒரு பாலிசியை நீங்களே வகுக்கலாம்.

முதலில், பயண விபத்தையும் வட்டியையும் சேர்த்து ஒரு சாதாரண பாலிசி, சின்னப் பட்டறைக்காரரும் கட்டக்கூடிய விலையில், தமிழில் அச்சடித்து வரட்டும். வந்தால் எங்கள் அலுவலகப் பலகையிலேயே ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
இழப்பீட்டு மனு எழுதுபவன்