பூனையின் இரத்தத்தில் குளோபுலின் கூடும்போது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டில் 13 ஆண்டுகளாக வளர்ந்த பூனை, தினமும் ஏறிப் படுக்கும் ஜன்னல் திண்டுக்குத் தாவும்போது ஒருநாள் தவறி விழுந்தது. நல்ல வெளிச்சத்திலும் அதன் கண்பாப்பா சுருங்காமல் விரிந்தே இருந்தது. வயதாகிவிட்டது என்று நாங்கள் இருந்துவிட்டோம். இரத்தப் பரிசோதனையில் குளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதங்களும் அடங்கிய இரத்தப் புரத வகை) கூடியிருப்பது தெரிந்த பிறகும், ஏதோ தொற்று என்று சொல்லி மருந்து கொடுத்ததிலேயே சில மாதங்கள் போயின. அது பிளாஸ்மா செல் புற்றுநோய் என்று பின்னரே தெரிந்தது.

நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் ஒன்று புற்றாக மாறிப் பெருகினால், அதன் வழிவந்த செல்கள் எல்லாம் ஒரே வகைப் புரதத்தையே ஓயாமல் கொட்டுவதால் இரத்தம் தடித்து, விழித்திரையில் இரத்தம் கசிந்து, சில பூனைகளுக்கு விழித்திரையே பிரிந்து பார்வை போய்விடுகிறது. அரிய நோய்தான், ஆனாலும் குளோபுலின் கூடியிருக்கும் வயதான பூனைக்கு, இரத்தப் புரதங்களை வகை பிரித்து வரைபடமாகக் காட்டும் புரத எலெக்ட்ரோஃபோரசிஸ் பரிசோதனை செய்யும்படி மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அந்த வரைபடத்தில் தொற்று பெரும்பாலும் அகன்ற மேடாகவும், இந்தப் புற்று ஊசி போன்ற ஒற்றை முகடாகவும் தெரியும். பூனைகளுக்கு ஒருவகை கொரோனா வைரஸால் வரும் எஃப்.ஐ.பி. போன்ற தொற்றுகளிலும் எப்போதாவது கூரிய முகடு வருவதுண்டு என்பதால், முகட்டை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது.

எளிதில் நேரும் இன்னொரு தவறு, எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருப்பதைக் கண்டு நிம்மதியடைவது. இதே நோய் மனிதருக்கு வந்தால் எலும்பை அரிப்பது வழக்கம். பூனைகளிலோ எலும்பு அரிக்கப்படாமலேயே மண்ணீரலிலும் கல்லீரலிலும் நோய் பரவியிருப்பது அதிகம். ஆகவே வயிற்றை ஸ்கேன் செய்து, அந்த உறுப்புகளிலிருந்து மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்கு இணையாக முக்கியமானது. சிறுநீரில் முக்கி எடுக்கும் சோதனைப் பட்டையையும் நம்பியிருக்க முடியாது. அது பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும், இந்நோயில் வெளியேறக்கூடிய பென்ஸ் ஜோன்ஸ் புரதம் (புற்றுச் செல்கள் சுரக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தின் சிறு பகுதி) அதில் தப்பிவிடும்.

புற்றுநோய் மருந்தான மெல்ஃபலான், ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் ஆகிய மாத்திரைகளால் பல பூனைகள் சில காலமாவது தேறுகின்றன. மெல்ஃபலான் எலும்பு மஜ்ஜையை ஒடுக்குவதால் இரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் பூனைக்குப் பசி திரும்பியது; பார்வை திரும்பவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்