உன் டார்சி குடை பிடித்த படம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் அப்படியே நம் கணக்கு வாத்தியார் நடை நடக்கிறான். உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘கிங்ஸ்மேன்: தி சீக்ரெட் சர்வீஸ்’ பார்த்துவிட்டேன். மாத்யூ வான் இயக்கி 2015இல் திரைக்கு வந்தது. கோட்டுப் போட்ட ஆண்கள் சுட்டுக்கொள்ளும் படமே வேண்டாம் என்று நீ எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாய். அதை மாற்றி எழுத வைக்காமல் விடமாட்டேன். கதை முழுக்கச் சொல்லிவிடுவேன். எந்த நாவலையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவள் நீ, உனக்குக் கோபம் வராது.

முதலில் உனக்கான செய்தி: உன் டார்சிதான் உளவாளி. 1995இல் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரில் டார்சியாக நனைந்த சட்டையோடு வந்து உன் படிப்பைக் கெடுத்த அதே காலின் ஃபர்த். இதில் மதுக்கடைக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, குண்டு துளைக்காத குடை ஒன்றை வைத்துக்கொண்டு ரவுடிக் கூட்டத்தையே புரட்டி எடுக்கிறார். கோட்டில் ஒரு சுருக்கம் விழவில்லை. லண்டனின் ‘சாவில் ரோ’ தெருவில் ஒரு தையற்கடை, அதற்குப் பின்னால் ரகசிய உளவு அமைப்பு. ஆட்களுக்கு ஆர்தர் மன்னர் கதையிலிருந்து பெயர்கள். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் இறுகிப்போய்ச் சோக முகம் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், பழைய உளவுப் படங்களின் கூத்தையெல்லாம் இது கொண்டாட்டமாகத் திரும்பக் கொண்டுவந்தது. கத்திக் கால்களோடு பறந்து வெட்டுகிற பெண், ரத்தத்தைக் கண்டால் வாந்தி எடுக்கிற வில்லன். அந்த வில்லன் சாமுவேல் ஜாக்சன், வெள்ளிப் பாத்திரத்தில் பர்கர் பரிமாறி விருந்து வைக்கிறார்!

ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேறு. 1962இல் முதல் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ எடுத்தபோது, பாண்டாக நடித்த ஷான் கானரி எடின்பரோவின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை, ஒரு காலத்தில் வீடு வீடாகப் பால் போட்டவர். இயக்குநர் டெரன்ஸ் யங் அவரைத் தன் சொந்தத் தையற்காரரிடம் கூட்டிப்போய்க் கோட்டுத் தைத்துக்கொடுத்து, கனவானாக நடக்கப் பழக்கினார். அதைத்தான் மார்க் மில்லர் பிடித்துக்கொண்டு இந்தப் படத்துக்கு மூலமான காமிக்ஸ் ஆக்கினார், டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். படத்தில் எக்ஸி என்கிற ஏழை அடுக்ககத்துப் பையனுக்கு டார்சி இதையேதான் செய்கிறார். கோட்டும் நடத்தையும் பிறப்பால் வருவதில்லை, கற்றுக்கொள்வது என்று நம்புகிறார், அமைப்பின் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தாலும். அமைப்பின் தலைவராக மைக்கேல் கெய்ன். 1965இலேயே கண்ணாடி போட்ட சாதாரணக் குடும்பத்து உளவாளியாக நடித்தவர் அவர். இங்கே எக்ஸியைக் கேவலமாகப் பார்க்கிறார். விஷம் ஏறிச் சாகும்போது மேட்டுக்குடிப் பேச்சு கழன்று, லண்டன் தெருப் பேச்சில் திட்டிக்கொண்டே போகிறார். அப்படியென்றால் அவரும் கற்றுக்கொண்டு மேலே வந்தவர்தானே? வந்த வழியில் இன்னொருவன் வரக்கூடாது என்று ஏணியை இழுத்துக்கொண்டவர். அந்த ஒரு நொடிக்காகவே நீ பார்க்க வேண்டும்.

இப்போது என் கவலை. கென்டக்கியில் ஒரு தேவாலயம். உள்ளே வெறுப்புப் பிரசங்கம் நடக்கிறது. வில்லன் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த சிம் கார்டுகளிலிருந்து ஒரு சமிக்ஞை கிளம்ப, இருப்பவர்கள் எல்லோருக்கும் வெறி பிடிக்கிறது, டார்சிக்கும்தான். ராக் கிதார் முழங்க, கேமரா அவரோடு சுழல, எதிர்ப்பட்ட அத்தனை பேரையும் கொன்று தீர்க்கிறார். இவ்வளவு அழகாக எடுக்கப்பட்ட சண்டையை நான் பார்த்ததில்லை. செத்தவர்கள் வாயைத் திறந்தாலே விஷம் கக்குகிறவர்கள் என்று முன்னாலேயே காட்டிவிடுவதால் நமக்கு உறுத்துவதும் இல்லை. அப்புறம் அவர் வெளியே வருகிறார். தான் என்ன செய்தோம் என்பது புரிந்து அந்த முகம் உடைகிறது. வில்லன் தலையில் சுடுகிறான். அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பெரியவன் போனில் இந்தச் சண்டையை மட்டும் வெட்டி வைத்திருக்கிறான். கிதாரில் தொடங்கிக் கடைசி ஆள் விழுந்ததும் முடிந்துவிடுகிறது. அந்த முகம் அதில் இல்லை! நண்பர்களோடு திரும்பத் திரும்பப் போட்டுக் கைதட்டுகிறான். முழுப் படத்தையும் பார், வா என்றால், “இதுதானே முக்கியம்” என்கிறான். நகைச்சுவையும் கொலையும் இத்தனை நெருக்கமாக நிற்கும் படத்தில் வெட்டுகிற இடம் இரண்டு நிமிடம் தள்ளினாலே அது வேறு படமாகிவிடுகிறது. இதை அவனுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? நீ பிள்ளைகளோடு புழங்குகிறவள், சொல்லு.

ஒரு புகார் பாக்கி. எக்ஸியோடு உளவாளிப் பயிற்சி எடுத்து, அதில் ஜெயித்தது ரோக்ஸி என்கிற பெண். உயரம் என்றால் பயந்து நடுங்குகிறவள், பலூனில் வானத்து விளிம்புவரை போய் வில்லனின் செயற்கைக்கோளை அடிக்கிறாள். அப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு இளவரசியை நாயகனுக்குப் பரிசாகக் கொடுக்கிற மட்டமான ஜோக் எதற்கு? பழைய பாண்ட் படங்களைக் கிண்டல் செய்கிறார்களாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரோக்ஸியை ஆரம்பத்திலேயே கொன்றுவிட்டு, செத்த டார்சியை எழுப்பிவிட்டார்கள். உனக்கு அது பிடிக்கும். எனக்கு இல்லவே இல்லை, அந்தத் தேவாலய வாசலின் கனமே போய்விட்டது.

முதல் பாகத்தை மட்டும் பார். பார்த்த அன்றே எழுது. முதலில் பெரியவன் விஷயத்துக்குப் பதில், டார்சி புராணம் அதற்கப்புறம்.

அன்புடன்,
உன் பின்பெஞ்சுக்காரி