சீனாய்க்குப் போகிற மகனுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். கிணற்று மோட்டார் ஓடுகிறது. மற்றதெல்லாம் பிறகு.

ஜனவரியில் எகிப்திலே சீனாய் மலைக்குப் போகிறாய் என்று தங்கச்சி சொல்லித்தான் தெரிந்தது. தனியாகவாம். சபையாரை மூன்று தடவை கூட்டிப்போனவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும்.

முதலில் கிழமையைப் பார். மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடம் வெள்ளியும் ஞாயிறும் திறக்காது. மற்ற நாளிலும் காலையில் சில மணி நேரம்தான். வியாழன், சனி இரவில் ஏறினால் இறங்கி வந்து பூட்டிய கதவைத்தான் பார்ப்பாய். மோசே கண்ட எரிகிற முட்செடி என்று காட்டும் செடி உள்ளேதான் இருக்கிறது. இலையைக் கிள்ளாதே. பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். வழி நெடுகச் சோதனைச் சாவடி.

மலை 2,285 மீட்டர். மடத்திலிருந்து ஏற்றம் 700 மீட்டர் போலத்தான். வழி இரண்டு. துறவிகள் அடுக்கிய 3,750 படிகளை இருட்டில் தொடாதே. ஒட்டகப் பாதை சுற்று, ஆனால் சீரானது. ராத்திரி ஒன்றரைக்குப் புறப்பட்டால் மூன்று மணி நேரம். ஒட்டகம் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும். மலைப் பக்கம் ஒதுங்கு, பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதே. கடைசி 750 படி எல்லாருக்கும் நடைதான், அதற்குச் சற்று முன்பே ஒட்டகம் நின்றுவிடும். அந்தப் பாலைவனத்து ஜனமான பெதூயின் வழிகாட்டி இல்லாமல் ஏறவே விடமாட்டார்கள். விட்டாலும் தனியாக ஏறாதே.

ஜனங்கள் அங்கே கெட்டுப்போவது வியர்வையால். வேகமாக ஏறி நனைந்துவிடுவார்கள். உச்சியில் விடியலுக்குக் காத்து உட்காரும்போது அந்த ஈரத்திலேயே காற்று அடிக்கும். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். காய்ந்த பனியன் ஒன்று பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள். கடைசித் தேநீர்க் குடிசையில் மாற்றிவிட்டு, கம்பளியும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள். தண்ணீர் இரண்டு லிட்டர். நெற்றியில் கட்டுகிற டார்ச், மாற்று பேட்டரியோடு. குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். எகிப்து பணம் சில்லறையாக வைத்துக்கொள்.

அகஸ்தியர் மலையில் எல்லாரையும் முந்தி ஏறினவன் நீ, தெரியும். அது பகல். கூட ஆள் இருந்தது.

உச்சியில் 1934இல் கட்டிய சிற்றாலயம், பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு சிறு மசூதி. மோசே ஏறினது இந்த மலைதானா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். நான்காம் நூற்றாண்டிலிருந்து யாத்திரிகர் வந்துகொண்டிருக்கிறார்கள், எனக்கு அது போதும். எல்லாரும் யாத்திராகமம் 19 வாசிப்பார்கள். நீ அந்த 750 படிக்குக் கீழே, எலியாவின் பள்ளத்தாக்கு என்கிற இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து 1 இராஜாக்கள் 19 வாசி. நாலாம் வசனத்தில் நிறுத்திவிடாதே. தொடர்ந்து வாசி.

சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்ற எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, போஜனம்பண்ணு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடி தூங்கவிட்டு, இரண்டாந்தரமும் அதையே சொன்னான். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை. தேவனுடைய மெல்லிய சத்தமெல்லாம் அதற்கும் பிறகு.

இந்த அதிகாரத்தை எத்தனை வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் நடத்தியிருப்பேன். மே மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு நீ போன் பண்ணினபோது ஒரு மணி நேரம் வசனம் சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நீ அதற்குப் பிறகு அம்மாவிடம்தான் பேசுகிறாய்.

கையுறை வாங்கு. தனியாகப் போகாதே. என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் தவணை இருக்கிறது. முழங்கால்தான் ஒத்துழைக்காது. ஒட்டகம் நிற்கிற இடம் வரைக்கும் வந்து, நீ இறங்கி வருகிறவரை உட்கார்ந்திருப்பேன்.

அப்பா