எந்த ஷெல் என்று சொல்லுங்கள்: கணினி ஆய்வுகூடப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன கிழமை செய்முறைப் பரீட்சையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரே கோட், ஒரே மேக்ஃபைல் (கோடை ஓடும் நிரலாக்க, அதாவது பில்ட் பண்ண, வேண்டிய கட்டளைகள் எழுதிய கோப்பு). ஜன்னல் பக்க வரிசையில் பில்ட் ஆனது, சுவர்ப் பக்கத்தில் இடையில் நின்றது. "மாணவரின் கவனக்குறைவு" என்று அறிவித்தல் பலகையில் போட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

மேக்ஃபைலை வாசிக்கும் மேக் (make) என்ற கருவி, அதிலுள்ள கட்டளைகளை ஒரு ஷெல்லிடம், அதாவது கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலிடம், கொடுக்கும். விண்டோஸில், பாத்தில் (PATH, கணினி நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) எஸ்எச்.எக்ஸி (sh.exe) என்ற யுனிக்ஸ் ஷெல் இருந்தால் அதைக்கொண்டு கட்டளைகளை ஓட்டும். இல்லாவிட்டால் விண்டோஸின் சொந்த ஷெல்லான சிஎம்டியிடம் (cmd) கொடுத்துவிடும். ஜன்னல் பக்கம், கோடின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (Git) மென்பொருளை நிறுவியவர் யுனிக்ஸ் கருவிகளையும் பாத்தில் சேர்த்திருக்கிறார், சுவர்ப் பக்கம் சேர்க்கவில்லை. அங்கே 'எம்கேடிர் -பி பில்ட்' (mkdir -p build; யுனிக்ஸில் இதற்கு, 'பில்ட்' என்ற ஃபோல்டரை உருவாக்கு, ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு என்று பொருள்) என்ற வரியைக் கண்ட சிஎம்டி, '-பி' என்ற பெயரிலும் ஒரு ஃபோல்டரை உருவாக்கி வைக்கிறது. முதல் தடவை பிழை ஒன்றும் வராது. மறுபடி ஓட்டினால், அந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிடும்.

அந்த வரிசையில் ஒரு நெடுந்தீவுப் பிள்ளை இருந்தார். முதல் பில்ட் சரியாக வந்தது. ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினார், நின்றது. பில்ட் ஆனவற்றை அழித்துவிட்டுத் தொடங்க மேக் கிளீன் கொடுத்தார். அழிப்பதற்கான ஆர்எம் (rm) என்ற யுனிக்ஸ் கட்டளையே அந்தக் கணினிக்குத் தெரியாததால் அதுவும் விழுந்தது. மேற்பார்வைக்கு நின்றவர், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்" என்றார். ரீஸ்டார்ட் பண்ணினால் '-பி' ஃபோல்டர் எங்கே போய்விடும்? குறிகட்டுவான் இறங்குதுறையில் கடைசிப் படகை விட்டால் அவருக்கு வீடு இல்லை. பஸ்சுக்கு நேரமாக, திரையை அப்படியே விட்டு எழும்பிப் போனார். புள்ளி பூச்சியம்.

பில்ட் ஆனவர்களும் தப்பவில்லை. கிட்டோடு வரும் எஸ்எச் உண்மையில் பாஷ் (bash) என்ற வசதிகள் கூடிய ஷெல்தான். நீங்கள் எங்கள் விடைகளை ஓட்டித் திருத்தும் சேர்வரோ உபுண்டு என்ற லினக்ஸ். அதில் எஸ்எச் என்பது 2006 இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே டாஷ் (dash) என்ற எளிய ஷெல். ஆய்வுகூடத்தில் ஒழுங்காக ஓடிய இரட்டைச் சதுர அடைப்புக்குறியும் ([[ ]]) 'சோர்ஸ்' (source) கட்டளையும் அங்கே போனதும் பிழையாகிவிட்டன. பரீட்சைத் தாளில் எந்த ஷெல் என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

செருப்பை வெளியே கழற்றச் சொல்லும் அறிவித்தலை மட்டும் மூன்று மொழியிலும் அச்சடித்து லமினேட் பண்ணி ஒட்டியிருக்கிறீர்கள். கட்டணம் ஒரு நாள் பிந்தினால் குறுஞ்செய்தி பறந்து வருகிறது. பாத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை போலும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து எல்லாக் கணினிகளிலும் பாத்தை ஒரே மாதிரி அமையுங்கள். திருத்துவது எந்த ஷெல்லில் என்று தாளிலேயே எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் பூச்சியத்தை நீக்கி, காலை நேரத்தில் அவருக்கு மறுபரீட்சை வையுங்கள். பலகையில் இருக்கும் அறிவித்தலையும் எடுத்துவிட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
பரீட்சை எழுதியவர்களில் ஒருவன்,
கொக்குவில்